தேவகியை உட்கார வைத்த கதை

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு ஜிம் வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலமானால் அங்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். பேசட்டும். இரும்பு இரும்போடு இடிக்கிற சத்தம் காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். போட்டித் தேதியையும் இப்போது தூக்கும் எடையையும் சொன்னால், போட்டிவரை எந்த வாரம் எவ்வளவு தூக்க வேண்டும் என்று அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்பலகையில் எழுதி அழித்து, அழித்து எழுதி, வருஷக்கணக்கில் முட்டி மோதி நான் கற்றுக்கொண்டதை அது கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டது.

"எல்லாம் கரீட்டா கீதுல்லக்கா? அப்புறம் எதுக்கு நீங்கள்லாம் அந்தக் காலத்துல இதுக்குப் போய் அவ்ளோ பேஜாராவீங்க?" என்றாள்.

கேட்டாள் பார், ஒரு கேள்வி. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

பவர்லிஃப்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று விதமாகத் தூக்க வேண்டும். எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிக எடையைக் கூட்டினால் அதுதான் மொத்தம். இவ்வளவுதான் ஆட்டம். இதில் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்றால், தூக்குகிறவருடைய உச்ச பலம் போட்டிக்கு முந்தின வாரமும் வரக்கூடாது, பிந்தின வாரமும் வரக்கூடாது. அந்த நாளில், அந்த மேடையில், அந்த நிமிஷத்தில் வந்து நிற்க வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா துறைமுகத்தில் இருந்தார். அண்ணனோடு வீம்புக்குப் போட்டி போட்டு இரும்பைத் தொட்டேன். மாநில அளவில் இரண்டு பதக்கம் வாங்கினேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. முட்டி தேய்ந்ததும் அவர்களுடைய ஜிம்மிலேயே பயிற்சியாளர் ஆனேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் தனிஸ்லாஸ் மாஸ்டர்.

மாஸ்டர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். கப்பலிலிருந்து சரக்கு ஏறும்போது கம்பி முனகுவதைக் கேட்டே பாரம் சரியா, அதிகமா என்று சொல்லிவிடுவாராம். ஜிம்மிலும் அதே பழக்கம்தான். ஒருவர் தூக்கும்போது எல்லாரும் அவரையே பார்ப்போம். மாஸ்டர் மட்டும் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தட்டுகள் எப்போது கலகலக்கின்றன, கலகலப்புக்கும் மூச்சு வெளியே வருவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று காதாலேயே கணிப்பார். பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நன்றாகத் தூக்கினால் "ம்" என்பார். மோசமாகத் தூக்கினால் அதுகூட வராது.

"ஏத்தறதுக்கு எந்தக் கழுதையும் ஏத்துவான். எறக்கத் தெரியணும்" என்பதுதான் அவர் வேதம்.

முதல் மாதம் எடையைக் குறைவாக வைத்து நிறைய முறை தூக்க வைப்பார். அடுத்த மாதம் எடை ஏறும், தடவை குறையும். போட்டி நெருங்கும்போது ஒரே ஒரு முறை, பெரிய எடை. அதுவும் முழு உச்சமல்ல, கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான். அப்புறம் இறக்கம். தடவைகள் பாதியாகும், பிறகு அதிலும் பாதி. கடைசி வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. கலங்கின தண்ணீரை அசைக்காமல் வைத்தால் மண் கீழே தங்கித் தெளிகிறதல்லவா, அதுபோல அசதி இறங்கினால் பலம் தெளிந்து மேலே நிற்கும் என்பார். ஆனால் அந்தக் கடைசி வாரத்தில் தூக்குகிறவர்களுக்குப் பைத்தியமே பிடிக்கும். பலமெல்லாம் போய்விட்டது போல இருக்கும். இல்லாத இடத்தில் வலிக்கும். ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடலாமே என்று கை ஊறும். அதனால் மாஸ்டர் அந்த வாரம் பெரிய தட்டுகளையெல்லாம் சங்கிலியால் சேர்த்துக் கட்டிப் பூட்டு போட்டு, சாவியைச் சோற்று டப்பா பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். எங்களுக்கு அது பூட்டு வாரம்.

ஒருமுறை வியாசர்பாடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன் பூட்டு வாரத்தில் பொறுக்க மாட்டாமல் வேறொரு ஜிம்முக்குப் போய் உச்ச எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டான். தூக்கியும்விட்டான். போட்டியன்று உடம்பைச் சூடேற்ற அவன் வெறும் பாரைத் தூக்கும்போதே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாஸ்டர், "இவன் எங்கியோ போயி செலவு பண்ட்டு வந்துக்கிறான்" என்றார். அன்றைக்கு அவனுக்கு ஸ்குவாட்டில் மூன்று வாய்ப்பும் போயிற்று. உடம்பு என்பது இத்தனை கறாரான ஒன்றா, மாதாவே என்று இருந்தது.

மாஸ்டர் காலமான பிறகு மரப்பெட்டி எனக்கு வந்தது. அவருடைய காது எனக்கு வரவில்லை. நான் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இனி தேவகி. காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. நைனாவுக்குப் படகில் விழுந்து முதுகு போய்விட்டது, கடலுக்குப் போவதில்லை. அம்மா முகத்துவாரத்தில் கையாலேயே தடவி இறால் பிடிப்பவர். தேவகி மணலியில் ஒரு கிடங்கில் ஒப்பந்தக் கூலி. எப்போது வேண்டுமானாலும் நாளை வராதே என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஜிம்மில் வெளியாட்கள் சிலரையும் சேர்த்துக்கொள்வோம், அப்படி வந்தவள். பாரைப் பிடித்தால் அவள் விரல்கள் நண்டுப் பிடி.

அந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். நான்காம் இடம் வந்தால் கைதட்டலோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே மாட்டோம்.

மூன்று மாதத் திட்டம் போட்டேன். முதல் இரண்டு மாதம் அழகாகப் போனது. பயிற்சியை இறக்க ஆரம்பித்த பிறகுதான் வம்பு. இறக்கினால் பார் வேகமாக மேலே வர வேண்டும். தேவகிக்கு வரவில்லை. டெட்லிஃப்டில் நூற்று நாற்பது கிலோவே நகர மறுத்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. இன்னும் குறைத்தேன். இன்னும் மெதுவானது. எனக்கு அந்த வியாசர்பாடிப் பையன் நினைவு வந்து, கோபம் மூக்குக்கு மேலே ஏறியது.

"எந்த ஜிம்முக்குடி போற? மரியாதையா சொல்லிடு."

"எங்கியும் போலக்கா. மாரியாத்தா சத்தியமா போல."

"அப்போ இங்க நீ செய்யறதுக்குப் பாதி ஆளுக்குக்கூட அசதி வராது. உனக்கு மட்டும் எங்கேர்ந்துடி வருது?"

தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்கிற முகமில்லை. ஆனால் ஏதோ விடுபடுகிறது. மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி எர்ணாவூருக்குப் போனேன்.

குடியிருப்பின் வாசலில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருக்க, பெண்களின் சத்தம் மணலி வரைக்கும் கேட்கும். நடுவில் என் தேவகி, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். படியேறி மூன்றாவது மாடிக்குப் போனாள். இறங்கி வந்தாள். மறுபடி இரண்டு. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் நிறுத்தவே இல்லை. ஒரு வீட்டுக்கு இத்தனை தண்ணீரா என்று பார்த்தால், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதவு. அந்த மாடி முழுக்க அவள்தான் தண்ணீர் ஏற்றுகிறாள்! மூச்சுவாங்கும் கிழவிக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, கால் ஊனமானவருக்கு என்று ஆரம்பித்து, பயில்வான் இருக்கும்போது நமக்கு என்ன என்று எல்லா வீடும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வந்ததே கோபம். படியிலேயே மறித்து, "கீழ வைடி குடத்த!" என்று கத்தினேன்.

பேபியம்மா என்று ஒரு அம்மா, அந்த மாடிக்கே ராணி போல, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னே வந்தார். "இன்னாம்மா, காலங்காத்தால வந்து கூவிகினு கீற? யாரு நீ?"

"இவளுக்குக் கோச். பதினஞ்சு நாள்ல போட்டி. இங்க நீங்க எல்லாரும் சேந்து அவ பலத்த உறிஞ்சிகினு இருக்கீங்க!"

"பலசாலிதானே தூக்குது. ஒடம்புக்கு நல்லதுதானே? எச்சா எக்சசைசு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தேவகி நடுவில் புகுந்தாள். "வுடுக்கா. நா தூக்கலன்னா அவங்களுக்கு யாரு தூக்குவா? சின்ன வயசுலேர்ந்து தூக்கிகினு கீறேன், புச்சா இன்னா?"

அந்த வார்த்தை என்னை அப்படியே நிறுத்தியது. சின்ன வயதிலிருந்து. நான் அவளை முதல்முறை பார்த்த நாளிலும் காலையில் குடம் தூக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கிடங்கில் மூட்டையும் தூக்கிவிட்டு வந்திருக்கிறாள். என் கரும்பலகையில் நான் எழுதிய எண்கள் எல்லாம் களைத்துப்போன தேவகியின் எண்கள். களைக்காத தேவகியை நான் பார்த்ததே இல்லை. அவளும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. படிக்கட்டில் நின்றுகொண்டு எனக்குப் புல்லரித்துப் போனது.

கோபம் எங்கே போனதோ. பேபியம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். வேலை, வயது, மூன்றாம் இடம், அசதி இறங்கினால்தான் பலம் தெரியும், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு என்னைவிட்டுத் தேவகி மேல் பாய்ந்தார்.

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடி? வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிகினு இருந்த? வேல கெடைக்கிற விசயம், கம்முனு குடத்த தூக்கிகினு கீது பாரு! இன்னியோட சரி. நீ கொடத்தத் தொட்ட, கைய ஒடச்சுருவேன்."

மறுநாளிலிருந்து அந்த மாடிக்காரர்களே படிக்கு ஒரு ஆளாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் குடத்தை மேலே ஏற்றிக்கொண்டார்கள். முனகாமல் ஒன்றும் செய்யவில்லை, ரொம்ப முனகினார்கள். ஆனாலும் செய்தார்கள். கிடங்கில் ஒப்பந்தக்காரரிடம் நான் போய்ச் சண்டை போட்டு, அந்த இரண்டு வாரம் அவளைச் சரக்கு எண்ணும் இடத்தில் போட வைத்தேன்.

திட்டத்தையும் மாற்றினேன். மூன்று மாதத்துக்கான இறக்கம் அவளுக்குப் போதாது. வாழ்நாள் அசதி இறங்க வேண்டும். ஜிம்மில் மற்றவர்களுக்குக் கொடுப்பதில் கால்வாசிதான் கொடுத்தேன். துணிந்துதான் செய்தேன். தப்பினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் தலையில். இரவு படுத்தால் கண்ணை மூட முடியாது.

அவளோ போன் மேல் போன். "அக்கா, சும்மா குந்திகினு கீறது பேஜாரா கீதுக்கா. கையி காலு எல்லாம் பஞ்சாட்டம் கீது. பலமெல்லாம் பூட்ச்சுக்கா."

"பூடல. வரும். குந்து."

"பேபியம்மா வெளக்குமாத்தக்கூட புடுங்கிகினு பூட்டாங்கக்கா."

"நல்லா செஞ்சாங்க. குந்து!"

போட்டி நாள். எடை பார்த்தார்கள், தன் பிரிவுக்குள் சரியாக இருந்தாள். ஸ்குவாட்டில் பயத்தில் ஒரு வாய்ப்பை விட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினேன். பெஞ்ச் பிரஸ் சுமார். டெட்லிஃப்ட் வந்தபோது நான்காம் இடத்தில் இருந்தோம். முதல் வாய்ப்பு நூற்று நாற்பத்தைந்து, தாண்டினாள். இரண்டாவது நூற்று ஐம்பத்தேழரை. அதுதான் அவள் வாழ்நாளில் தூக்கிய அதிக எடை. அந்த எண்ணுக்குப் பயந்து மெதுவாக, நடுங்கி, தூக்கிவிட்டாள். அப்படியும் நான்காம் இடம்தான். மூன்றாம் இடம் வேண்டுமென்றால் நூற்று அறுபத்தைந்து.

அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் தருவார்கள். ஏழரை கிலோ அதிகம். எந்தக் கரும்பலகையும், எந்தக் கைப்பேசியும் அதைச் சொல்லாது. அவள் முகத்தைப் பார்த்தேன். மேடையைவிட்டு இறங்கியவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. போய் நூற்று அறுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தேன். அவளிடம் எண்ணைச் சொல்லவில்லை, "போட்டுட்டேன், போய்த் தூக்கு" என்றேன். பார் வழுக்கிக்கொண்டு ஏறத் தொடையில் முகப்பவுடரைத் தடவிவிட்டேன்.

அவள் குனிந்தாள். பிடித்தாள். தட்டுகள் கலகலவென்றன. அடுத்த நொடி நிமிர்ந்து நிற்கிறாள்.

நான் எத்தனையோ பேர் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முந்தின எடையைவிட வேகமாக ஏறியது. நடுவர் கையை இறக்கி "டவுன்" என்றார், இறக்கி வைத்தாள், தூக்கு செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நான் கிளம்பும்போது, இந்தப் பெண் மேடையிலேயே நின்றுகொண்டு நடுவரிடம் ஏதோ சொல்கிறாள்.

"சார், வெயிட்டு கொறைச்சலா போட்டுக்கிறாங்க சார். ரொம்ப லேசா கீது. பாத்துருங்க."

சேசுவே! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே. எடை குறைந்திருந்தால் குறைந்த எடைதான் கணக்கில் ஏறும், வேண்டாமென்றால் திரும்பவும் தூக்க வேண்டும், அந்த உடம்போடு உடனே எப்படித் தூக்குவது? "வாய மூடுடி பாவி" என்று கீழேயிருந்து சைகை காட்டுகிறேன், அவள் பார்க்கவே இல்லை. மூன்றாம் இடத்தில் இருந்த பெண்ணின் கோச் அதற்குள் எழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணே சொல்லுது, எடை போட்டுப் பாருங்க!"

தட்டுகளைக் கண்ணால் எண்ணினார்கள். ஒரு பக்கம் இரண்டு சிவப்பு, ஒரு நீலம். அந்தப் பக்கமும் அப்படியே. சரிதான். அந்தக் கோச் விடவில்லை. தராசைக் கொண்டுவந்தார்கள். தட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக வைத்தார்கள். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபது. அடுத்த பக்கம். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபது. கடைசியில் வெறும் பாரையும் தட்டுகளை இறுக்கும் இரண்டு பூட்டுகளையும் ஏற்றினார்கள், அது இருபத்தைந்து. தேவகி ஒவ்வொரு தட்டோடும் கூடவே போய்த் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்று அறுபத்தைந்து. ஒரு கிராம்கூடக் குறைவில்லை. தலைமை நடுவர் நிமிர்ந்து பார்த்து, "எடை சரிம்மா. தூக்கு செல்லும்" என்றார்.

அந்தப் பதக்கத்தை வைத்து அந்த வருஷமே விண்ணப்பித்தாள், அடுத்த வருஷம் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அந்த மாடிக்கு மோட்டார் வைத்துத் தொட்டி கட்டலாமா என்று கேட்டாள், வாயை மூடிக்கொண்டு பாங்கில் போடு என்று திட்டினேன். அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கி வந்தவள் என் எதிரில் நின்று, பிடி நழுவாமலிருக்கப் பூசிய வெள்ளைப் பொடி அப்பிய தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை, அழுகையில்லை, பயம் போல ஒன்று இருந்தது.

"அப்போ அவ்ளோவும் நானாக்கா தூக்கினேன்?" என்றாள்.